பரந்தன் கெமிக்கல் பக்டரியை யுத்தம் மட்டும்தான் மூடியதா?

கேட்டவர் வெளிநாட்டில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும்போது பரந்தன் பக்கம் கூரையில்லாமல் நிற்கும் கொங்கிறீற் கட்டடங்களைப் பார்த்திருக்கிறார். "அதுதான் கெமிக்கல் பக்டரி, சண்டையோட போச்சு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் எழுதியவை நாலு கேள்விகள்: அங்கே என்ன செய்தார்கள், சண்டை வராவிட்டால் இன்றைக்கும் ஓடியிருக்குமா, திரும்பத் திறக்கலாமா, உள்ளே போய்ப் படம் எடுக்கலாமா. இதில் உண்மையான கேள்வி இரண்டாவதுதான். மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும். நான் படித்தது இரசாயனப் பொறியியல். குளோரீன் உற்பத்தி செய்யும் ஆலைகளில் வெளிநாட்டில் பல வருடம் வேலை செய்துவிட்டு, பிறகு குடிநீர்த் திட்டங்கள் பக்கம் வந்தவன். ஆகவே ஆலைக்குள் நடப்பது பற்றி உறுதியாகச் சொல்வேன். அரசியல், பொருளாதாரம் பற்றிச் சொல்வதை ஒரு கவனமான வாசகனின் அபிப்பிராயம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது எப்படி வந்தது என்பது. 1948இல் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சராகச் சேர்ந்தார். அந்தச் சேர்க்கைக்காக அவரை இன்றும் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். மலையகத் தமிழரின் பிரசாவுரிமை விஷயத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கு நியாயமும் இருக்கிறது. அது வேறு கதை. ஆனால் காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் காகிதம், பரந்தன் இரசாயனம் என்று வடக்குக் கிழக்கில் மூன்று பெரிய அரச ஆலைகளின் பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. 1953இல் அவர் அமைச்சர் பதவியை இழந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 1956இல் பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனம் என்ற அரச நிறுவனம் உருவானது. இந்த மூன்றையும் தனித்தனி ஆலைகளாகப் பார்க்காதீர்கள். காகிதக் கூழைப் பதப்படுத்தவும் வெளுக்கவும், பரந்தனில் செய்த கோஸ்டிக் சோடாவும் (எரிசோடா) குளோரீனும் வேண்டும். ஒரு ஆலையின் சரக்கு இன்னொரு ஆலையின் மூலப்பொருள் என்ற எண்ணம் அதில் இருந்தது. இந்த இடத்தில் திட்டமிட்டவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஏன் பரந்தன்? உப்புக்காக. கோஸ்டிக் சோடா ஆலை என்பது அடிப்படையில் உப்பைத் தின்னும் ஆலை. ஆனையிறவில் 1930களிலேயே உப்பளம் தொடங்கிவிட்டது. அங்கிருந்து பரந்தனுக்கு லொறியில் போனால் கொஞ்சத் தூரம்தான். 1905இலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை இருக்கிறது, கண்டி வீதி இருக்கிறது, முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி இருக்கிறது, சனம் குறைந்த வெளி நிலமும் இருக்கிறது. குளோரீன் செய்யும் ஆலையைச் சனம் நெருக்கமாக வாழும் இடத்தில் கட்டக்கூடாது என்பதால் கடைசிக் காரணம் சின்னக் காரணம் அல்ல.

உள்ளே நடந்தது இதுதான். உப்பை நீரில் நிறையக் கரைத்து, அதற்குள் நேரோட்ட மின்சாரத்தைச் செலுத்துவார்கள். ஒரு பக்கம் குளோரீன் வாயு வரும். மறுபக்கம் ஐதரசன் வாயுவும், கரைசலில் கோஸ்டிக் சோடாவும், அதாவது எரிசோடாவும் வரும். ஐதரசனைக் குளோரீனில் எரித்து நீரில் கரைத்தால் ஐதரோகுளோரிக் அமிலம். கேட்கச் சுலபமாக இருக்கும். நடைமுறையில் பாதித் தலையிடி உப்பிலேயே தொடங்கிவிடும். கடலுப்பில் கல்சியமும் மக்னீசியமும் கலந்து வரும். அவற்றை முதலில் படியவைத்து வடிகட்டாவிட்டால் மின்பகுப்புக் கலம், அதாவது கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தும் தொட்டி, கெட்டுப்போகும். அதோடு வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் உப்பு விளையாது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் ஆனையிறவுப் பாத்திகள் மழை வெள்ளத்தில் கிடக்கும். ஆகவே கோடையில் எடுத்த உப்பைக் குவித்து மூடிவைத்துத்தான் வருடம் முழுக்க ஆலையை ஓட்ட வேண்டும்.

அடுத்தது மின்சாரம். ஒரு தொன் குளோரீன் செய்யச் சுமார் 1.7 தொன் உப்பும், பழைய காலத்துக் கலங்களென்றால் 3,000 அலகுக்கு மேல் மின்சாரமும் போகும். இன்றைய மென்சவ்வுக் கலங்களில் (இரு பக்கத்தையும் மெல்லிய சவ்வு பிரிக்கும் புதிய வகை) அது 2,500 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இந்த மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் சரிவராது. நெல் ஆலை கரண்ட் போனால் நிற்கும், வந்தால் ஓடும். மின்பகுப்பு ஆலையில் ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் கலத்தின் ஆயுளை வெட்டும். குழாய்களில் மிஞ்சி நிற்கும் குளோரீனையும் உடனே பாதுகாப்பாக அகற்றியாக வேண்டும். இரவு பகலாக ஷிப்ட் முறையில் ஆள் வேண்டியது இதனால்தான்.

இனி வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி இதில்தான் இருக்கிறது. இந்த முறையில் குளோரீனையும் கோஸ்டிக் சோடாவையும் பிரித்துத் தனித்தனியாகச் செய்ய முடியாது. ஒரு தொன் குளோரீன் வந்தால் கூடவே 1.1 தொன்னுக்குக் கொஞ்சம் மேலே கோஸ்டிக் சோடாவும் வந்தே தீரும். விகிதத்தை மாற்ற எந்த மனேஜராலும் முடியாது. அதுவும் கோஸ்டிக் சோடாவைப் பீப்பாவில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கலாம். குளோரீனை அப்படி வைப்பது ஆபத்து. ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வாங்குபவர் இருக்க வேண்டும். இலங்கையில் சவர்க்காரத்துக்கும் துணிக்கும் காகிதத்துக்கும் கோஸ்டிக் சோடா நிறையத் தேவைப்பட்டது. குளோரீனுக்கு அந்த அளவு கேள்வி இல்லை. குடிநீருக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட்டால் ஒரு தொன் குளோரீன் 50 கோடி லீற்றர் தண்ணீருக்குப் போதும். அன்றைய இலங்கையில் குழாய்நீர் கிடைத்த வீடுகள் எத்தனை? அந்தக் காலத் திட்டப் பேச்சுகளில் பரந்தனோடு டி.டி.டி. உற்பத்தியும் சேர்ந்து வந்ததன் அர்த்தம் இங்கேதான் விளங்கும். மலேரியாவுக்கு எதிராக நாடு முழுக்க டி.டி.டி. அடித்த காலம் அது. டி.டி.டி. செய்யக் குளோரீன் வேண்டும். மிச்சக் குளோரீனை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

ஆலை ஓடிய காலத்தில் அது ஊருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதை எழுதத் தகுதியானவர்கள் அங்கே வேலை செய்தவர்கள்தான். இரணைமடுக் குளத்தின் கீழே நெற்செய்கைக் குடியேற்றமாக வளர்ந்த பிரதேசம் கிளிநொச்சி. அங்கே எல்லோருடைய வருமானமும் மழையைப் பார்த்துத்தான் வந்தது. மாதம் முடிந்தால் சம்பளம், குவாட்டர்ஸ், சேமலாப நிதி என்றொரு வாழ்க்கை கூட்டுத்தாபனத்தோடுதான் வந்தது. அதோடு ஆலைக்குள் பிற்றர், வெல்டர், மின்சாரத் தொழிலாளி, ஆய்வுகூட உதவியாளர் என்று கைத்தொழில் தெரிந்த ஒரு கூட்டம் உருவானது. அரிக்கும் திரவம் ஓடும் பம்பைக் கழற்றிப் பூட்டப் பழகிய ஒருவருக்கு உலகத்தில் எங்கே போனாலும் வேலை இருக்கிறது. அப்படிப் போனவர்களில் சிலரோடு நானும் வேலை செய்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் அவர்களிடம் படித்தேன்.

சரி, சரிவு எப்போது தொடங்கியது? 1985இல் பாதுகாப்பு நிலைமை காரணமாக உற்பத்தி நின்றது. இது உறுதி. அதற்கு முன்னமே ஆலை களைத்துப்போயிருந்தது என்பது என் கணிப்பு. அதற்குக் காரணங்கள் உண்டு. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பாதுகாக்கப்பட்ட சந்தைக்காகக் கட்டிய அரச ஆலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச் சரக்கோடு விலையில் மோத வேண்டி வந்தது. கோஸ்டிக் சோடாவில் பெரிய ஆலைக்கும் சின்ன ஆலைக்கும் உற்பத்திச் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உலகத்தில் ஆலைகள் பெருத்துக்கொண்டே போன காலத்தில் பரந்தன் சின்னதாகவே நின்றது. போதாததற்கு அதன் இயந்திரங்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. குளோரீன் ஆலையில் இருபத்தைந்து முப்பது வருடம் என்பது சீமெந்து ஆலையின் முப்பது வருடம் மாதிரி அல்ல. ஈரக் குளோரீன் இரும்பைத் தின்னும், கோஸ்டிக் சோடா மூட்டுகளைத் தின்னும். காலத்துக்குக் காலம் பெரிய முதலீடு போட்டு உள்ளுறுப்புகளை மாற்றாவிட்டால், சுவர் நிற்கும், ஆலை ஓடாது. 1980களில் உலகம் மென்சவ்வுக் கலத்துக்கு மாறத் தொடங்கியது. பரந்தனும் மாறியிருக்க வேண்டிய நேரம் அதுதான். 1983 ஜூலைக்குப் பிறகு வன்னியில் அப்படியொரு முதலீட்டைப் போட யார் வருவார்கள்?

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. 1985இல் நிறுத்தியது யுத்தம். யுத்தம் இல்லாவிட்டால் அதே ஆலை, அதே இயந்திரங்களோடு இன்று ஓடியிருக்குமா என்றால், ஓடியிருக்காது. ஆனால் இப்படிச் சொல்வதை வைத்து "எப்படியும் செத்திருக்கும்" என்று முடிவு கட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வயதான ஆலைக்கு இரண்டு வழி உண்டு: புதுப்பிப்பது, அல்லது கணக்குப் பார்த்து ஒழுங்காக மூடித் தொழிலாளருக்கும் நிலத்துக்கும் வேறு வழி செய்வது. தெற்கில் இருந்த அரச ஆலைகளுக்கு நல்லதோ கெட்டதோ இந்த இரண்டில் ஒன்று நடந்தது. சிலவற்றை விற்றார்கள், சிலவற்றைத் திருத்தினார்கள். பரந்தனுக்கு எந்தத் தெரிவும் கிடைக்கவில்லை. யுத்தம் எடுத்துக்கொண்டது அந்தத் தெரிவைத்தான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும்.

1985இல் நிறுத்தியதைச் சிலர் அவசர முடிவு என்று எழுதுகிறார்கள். என் தொழிலில் இருப்பவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனையிறவில் இராணுவ முகாம். ஆலைக்குள் அமுக்கத்தில் அடைத்த திரவக் குளோரீன். குளோரீன் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது. வெடித்தால் மேலே கலைந்து போகாது, தரையோடு தாழ்வான பக்கம் பார்த்து ஊர்ந்து போகும். வயல்வெளியில் அது எவ்வளவு தூரம் போகும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஒரு செல் தவறி விழுந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தால், சண்டைக்கு நடுவில் அந்த ஆலையை ஓட்டுவதுதான் குற்றம்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 1990இல் வடக்குக்கான ரயில் நின்றது, ஆனையிறவு உப்பளமும் மூடப்பட்டது. அத்தோடு உப்பும் பாதையும் ஒன்றாகப் போய்விட்டன. 1991இல் ஆனையிறவுப் பெருஞ்சமர், 1996இல் சத்ஜய நடவடிக்கையில் பரந்தனும் கிளிநொச்சியும் இராணுவத்தின் கையில், 1998இல் கிளிநொச்சி திரும்பப் புலிகளிடம், 2000 ஏப்ரலில் ஆனையிறவின் வீழ்ச்சி, 2009 ஜனவரி தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் மீண்டும் இராணுவத்திடம். இத்தனை தடவை முன்னரங்கு தாண்டிப்போன நிலத்தில் ஒரு ஆலை முழுசாக நிற்குமென்று எதிர்பார்க்க முடியாது. எந்தச் சுவரை எந்தத் தரப்பின் குண்டு உடைத்தது என்று இணையத்தில் சண்டை பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இப்படிப்பட்ட ஆலைகளில் செல்லைவிடப் பெரிய அழிவு பெரும்பாலும் கழற்றிக்கொண்டு போவதால்தான் வரும். செப்புப் பட்டை, ஈயம், மோட்டர், குழாய் எல்லாம் பழைய இரும்புக் கடையில் காசு. கொங்கிறீற்றைத்தான் யாரும் கிலோ கணக்கில் வாங்க மாட்டார்கள். நீங்கள் கண்டது அந்த மிச்சம்.

இன்னொரு ஊர்க்கதை, அதையும் தெளிவாக்கிவிடுகிறேன். புலிகள் குளோரீனை ஆயுதமாகப் பாவித்தார்கள் என்றால் அது பரந்தனில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட சம்பவம் 1990 ஜூனில் கிழக்கில், கிரான் முகாம் மீது நடந்த தாக்குதல். அதற்கான குளோரீன் பக்கத்திலிருந்த காகித ஆலையிலிருந்து வந்தது என்றுதான் அந்தப் பதிவுகள் சொல்கின்றன. பரந்தனில் உற்பத்தி நின்று அப்போது ஐந்து வருடம்.

நீங்கள் கேட்காத ஆனால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: ஆலை செத்தாலும் கொம்பனி சாகவில்லை. 1991இல் கூட்டுத்தாபனம், பரந்தன் கெமிக்கல்ஸ் என்ற அரச கொம்பனியாக மாற்றப்பட்டது. அது வெளிநாட்டிலிருந்து திரவக் குளோரீனை இறக்குமதி செய்து சிலிண்டர்களில் நிரப்பி விற்கிறது. அதன் பெரிய வாடிக்கையாளர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அதாவது இலங்கையில் பல ஊர்களின் குழாய்நீரில் கலக்கும் குளோரீன், பரந்தன் என்ற பெயர் போட்ட கொம்பனியின் ஊடாகத்தான் போகிறது. பரந்தனில் ஒரு கிராம் கூடச் செய்யப்படுவதில்லை. வன்னிக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கோபம் வரும்.

திரும்பத் திறக்கலாமா? பழைய கட்டடத்துக்குள் ஒன்றும் செய்ய முடியாது, அதை மறந்துவிடுங்கள். புதிய ஆலை என்றால் பேசலாம். 2025இலிருந்து பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் பற்றி அரசாங்கம் பேசுகிறது. பரந்தனை இரசாயனத் துறைக்கு ஒதுக்கும் எண்ணமும் அதில் இருக்கிறது. அதே வருடம் மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள். உப்பும் ரயிலும் மின்கம்பியும் திரும்பி வந்துவிட்டன என்பது நல்ல விஷயம். ஆனால் நான் மேலே சொன்ன இரட்டைச் சரக்குப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. இறக்குமதிக் கோஸ்டிக் சோடாவோடு விலையில் மோத வேண்டும், மின்கட்டணம் வேறு. ஆலை திறக்கிறோம் என்று யாராவது மேடையில் சொன்னால், குளோரீனை யார் வாங்குவது, கோஸ்டிக் சோடாவை யார் வாங்குவது, அலகு மின்சாரம் என்ன விலைக்கு என்று மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடிக்கல்லோடு நிற்கும்.

என்னைக் கேட்டால் நான் வேறு பக்கம் போவேன். உப்புக் கரைசலை அங்கேயே மின்பகுத்து, கிருமி கொல்லும் வலுக்குறைந்த சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலாக நீர்த் தொட்டிக்கு நேரே விடும் சின்ன இயந்திரங்கள் இப்போது உலகம் முழுக்க ஓடுகின்றன. அமுக்கச் சிலிண்டர் வேண்டாம், விற்க வழியில்லாத கோஸ்டிக் சோடா மிஞ்சாது. ஒரு கிலோ குளோரீனுக்குச் சமமான கரைசல் செய்ய மூன்று மூன்றரைக் கிலோ உப்பும், நாலரை அலகு அளவில் மின்சாரமும் போதும். ஒரு உதாரணக் கணக்கு: 2024இல் திறந்த தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அந்த அளவு தண்ணீரைக் கிருமிநீக்க, முன்னே எடுத்த அதே 2 மில்லிகிராம் கணக்கில், நாளுக்கு 48 கிலோ குளோரீன் வேண்டும். உப்பென்றால் அது நாலைந்து மூட்டை. ஆனையிறவிலிருந்து ஒரு லான்ட்மாஸ்ரரில் கொண்டுவந்து இறக்கலாம். இது பெரிய ஆலை ஆகாது, நூற்றுக்கணக்கில் வேலையும் தராது. ஆனால் நாளைக்கே தொடங்கக்கூடியது, அந்தத் தொழிலைத் தெரிந்த பிள்ளைகள் ஊரில் மீண்டும் உருவாவார்கள்.

கடைசியாக, உள்ளே போவது. அது அரச காணி, அனுமதி கேட்காமல் போகாதீர்கள். முன்னரங்காக இருந்த பிரதேசம் என்பதால் கண்ணிவெடி அகற்றியதற்கான உறுதி தெரியாமல் பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம். இரசாயனப் பக்கம் என் கவலை வேறு. 1950களில் கட்டிய இப்படியான ஆலைகளில் பாவித்தது பெரும்பாலும் இரண்டு வகைக் கலங்கள்: ஒன்றில் பாதரசம் இருக்கும், மற்றதில் அஸ்பெஸ்ரஸ். எதுவானாலும் நிலத்துக்கும் கைக்கும் நல்லதல்ல. பாதரசம் பாவித்த ஆலைகள் மூடிப் பல வருடத்துக்குப் பிறகும் அவற்றின் மண்ணிலும் வடிகாலிலும் அது கிடந்ததை நான் வேலை செய்த நாடுகளில் கண்டிருக்கிறேன். அந்தக் காணியில் புது வலயம் கட்ட முதல் மண்ணையும் சுற்றியுள்ள கிணறுகளையும் பரிசோதித்து முடிவை ஊர்ச் சனத்துக்கு வெளியிட வேண்டும் என்று கிளிநொச்சியில் இருப்பவர்கள் இப்போதே பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கலாம். நீங்கள் படம் எடுப்பதென்றால் வீதியோரத்திலிருந்து எடுங்கள். காலை வெயிலுக்கு முன் போனால் நல்ல வெளிச்சம் கிடைக்கும்.